முகாமில் எடுத்த போட்டோ யாருடையது?

கேள்வி: “இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்காவின் டோப்ருக்கில் பிடிபட்டு, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் போர்க்கைதியாக இருந்தவர் என் தாத்தா. முகாமிலிருந்து அவர் பாட்டிக்குப் போட்ட ஐந்து கடிதங்களும், அங்கே எடுத்த குரூப் போட்டோ ஒன்றும் பெரம்பூர் வீட்டுப் பரணில் கிடைத்தன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட ஆசை. காப்பிரைட் பிரச்சினை வருமா?”

பெரும்பாலும் வராது. ஆனால் நீங்கள் கேள்வியோடு அனுப்பிய போட்டோவை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கேட்காத ஒரு கேள்வி அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேர்த்தால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டத்தை முடித்துவிடலாம். நம் ஊரில் பேட்டன்டையும் காப்புரிமை என்கிறோம், காப்பிரைட்டையும் காப்புரிமை என்கிறோம். நீங்கள் கேட்பது பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதியவரின் வாழ்நாள் முழுதும், அவர் இறந்தபின் 60 ஆண்டும் அது இருக்கும். முன்பு 50 ஆண்டாக இருந்தது. தாகூர் எழுத்துகளின் உரிமை 1991 முடிவோடு தீர இருந்த நேரத்தில் பத்து ஆண்டு கூட்டினார்கள். கடிதம் என்று வந்தால் தாள் வேறு, வாசகம் வேறு. தாள் உங்கள் பாட்டிக்கு வந்தது, அவருடைய சொத்து. வாசகம் எழுதியவருடையது, அவருக்குப் பின் வாரிசுகளுடையது. வாரிசு என்றால் பெட்டி இருக்கிற வீட்டுக்காரர் மட்டும் இல்லை. உங்கள் அத்தைகள், சித்தப்பா, பெரியப்பா வீடுகளில் யார் யார் இருக்கிறார்களோ எல்லோருக்கும் பங்கு உண்டு. ஒரு முறை போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு கடிதம் அத்தை வீட்டிலும் கிடக்கலாம். குழந்தையாக இருந்தபோது அதை யாரோ படித்துக் காட்டியது அவருக்கு நினைவிருக்கலாம்.

எழுதியவர் போய்ச் சேர்ந்த பிறகு முதன்முறையாக வெளியாகும் எழுத்துக்கு, வெளியான ஆண்டிலிருந்துதான் 60 ஆண்டுக் கணக்கு தொடங்குகிறது. அதனால் பெட்டியில் கிடக்கும் பழைய கடிதத்தின் உரிமை நாம் நினைப்பதைவிட நீண்ட ஆயுள் உடையது. பிரிட்டனில் நிலைமை இன்னும் இறுக்கம். முதல் உலகப்போர்ச் சிப்பாய்கள் எழுதி, அச்சேறாமல் கிடக்கும் கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்கு 2039 முடியும்வரை அங்கே உரிமை நீடிக்கிறது. 2014இல் போரின் நூற்றாண்டு வந்தபோது, சில அருங்காட்சியகங்களும் நூலகங்களும் கடிதம் இருக்க வேண்டிய கண்ணாடிப் பெட்டிகளில் வெற்றுத்தாளை வைத்தே எதிர்ப்பைக் காட்டின. அகழியில் இறந்துபோன பையன் அம்மாவுக்கு எழுதியதை, யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாமலே பூட்டி வைத்திருக்க வேண்டியிருந்தது.

போட்டோவுக்கு நம் நாட்டுப் பழைய சட்டப்படி நெகட்டிவ் உண்டான நாளிலிருந்து 50 ஆண்டு. 1944இல் எடுத்த படத்துக்கு அது எப்போதோ தீர்ந்துபோனது. ஆக, சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. அத்தைகளிடம் பேசிவிட்டால் போதும்.

சரி, இப்போது அந்தப் போட்டோவுக்கு வருகிறேன்.

இரண்டு வரிசையில் பன்னிரண்டு பேர். பின்னால் பலகை அடித்த கொட்டகைச் சுவர். முன்வரிசையில் நான்காவதாக உங்கள் தாத்தா, கைகளை முழங்காலில் வைத்தபடி. சட்டைப் பொத்தான்கள் எல்லாம் போட்டிருக்கின்றன. ஜெர்மன் முகாம்களில் இப்படிக் குரூப் போட்டோ எடுத்து, தபால் அட்டையில் அச்சிட்டு, பின்னால் ஸ்டாலாக் (கைதி முகாம்) எண்ணோடு ‘கெப்ரூஃப்ட்’ என்று முத்திரை குத்தி ஊருக்கு அனுப்ப விடுவது வழக்கம். தணிக்கை பார்த்தாயிற்று என்று பொருள். டோப்ருக் 1942 ஜூன் 21 அன்று விழுந்தபோது ஏறக்குறைய 33,000 பேர் பிடிபட்டார்கள். ‘காணவில்லை’ என்று மட்டும் தந்தி வந்திருந்த வீட்டுக்கு இப்படி ஓர் அட்டை வந்து சேர்ந்தால் எப்படி இருந்திருக்கும்! ஆள் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. உங்கள் பாட்டி அதை நாற்பது வருடம் பரணில் காத்ததில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் அந்தப் படத்தில் யார் எங்கே உட்கார வேண்டும், பொத்தான் போட வேண்டுமா, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்தவர் சிறைபிடித்தவர். ‘உங்கள் பிள்ளைகளை நாங்கள் நன்றாகத்தான் வைத்திருக்கிறோம்’ என்று அவர் சொல்ல நினைத்ததும் அந்தப் படத்தில் இருக்கிறது. பின்வரிசையில் வலது ஓரத்தில் நிற்பவரைப் பாருங்கள். மற்ற பதினொரு பேரும் லென்ஸைப் பார்க்கிறார்கள். அவர் முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறார். யாராவது கூப்பிட்டிருக்கலாம். என் முகம் இதில் வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கவும் கூடும்.

அவருடைய விருப்பத்தைக் கேட்க பதிப்புரிமைச் சட்டத்தில் இடமே இல்லை. புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். ஒலிப்பதிவின் ஆசிரியர் அதைத் தயாரித்தவர். படத்தில் இருப்பவரைச் சட்டம் பார்ப்பதில்லை. கல்யாண வீட்டில் இது பெரிய விஷயம் இல்லை, போட்டோகிராபரை நாம்தான் காசு கொடுத்துக் கூப்பிடுகிறோம். போர்க்கைதி விஷயத்தில் கேமராவும் எதிரி கையில், கதவுச் சாவியும் எதிரி கையில். இருந்தும் சட்டத்தின் கண்ணில் உரிமைக்காரர் அவர்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பெண் வந்து கற்றுக்கொடுத்தார்.

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பத்திரிகை, துண்டறிக்கை, கடிதம், போட்டோ என்று கிடைத்ததையெல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றி வருகிறோம். கோடம்பாக்கத்தில் ஒரு மொட்டைமாடி அறை. பேன் காற்றில் தாள் பறக்காமல் டம்ளர் வைத்து அழுத்திக்கொண்டு வேலை நடக்கும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. என் வயதுத் தமிழனுக்கு அந்த நெருப்பு மனத்தில் அணையவே இல்லை. எது கிடைத்தாலும் படியெடு, பத்து இடத்தில் வை, யாரும் எரிக்க முடியாதபடி செய் என்பதுதான் எங்கள் வெறி. பாரதியின் எழுத்துகளை 1949இல் அரசே வாங்கி, பிறகு மக்களுக்கே பொதுவாக்கிய ஊர் இது. எழுத்து எல்லோருக்கும் உரியது என்று நம்பி வளர்ந்தவன் நான். இப்போதும் அதை நம்புகிறேன்.

2013இல் ஒருநாள் வளசரவாக்கத்திலிருந்து ஓர் ஈழத்து அம்மா மகளோடு மாடியேறி வந்தார். கையில் பிரவுசிங் சென்டரில் எடுத்த கறுப்புவெள்ளை பிரிண்ட் அவுட். எங்கள் தொகுப்பில் யாரோ தந்த சிடியிலிருந்து நாங்கள் ஏற்றியிருந்த படம் அது. இலங்கைப் போர் முடிந்த 2009 மே மாதம், மேல்சட்டை இல்லாத ஆண்கள் பிடரியில் கைகளைக் கோத்தபடி மண்ணில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தாளை எங்கள் முன்னால் நீட்டியபோது ஒருவருடைய முகத்தின்மேல் தன் கட்டைவிரலை வைத்து மறைத்திருந்தார். விரலை எடுக்கவே இல்லை.

“இதை எடுத்து விடுங்கோ அண்ணை. என்ர தம்பி. அவன் இப்பவும் அங்கதான் இருக்கிறான்.”

சரணடைந்த 11,000க்கும் மேற்பட்டோரைப் ‘புனர்வாழ்வு’ என்ற பெயரில் முகாம்களில் வைத்திருந்து விட்டார்களே, அதில் அவரும் ஒருவர். வெளியே வந்து, கல்யாணமாகி, பிள்ளையும் பிறந்து, பழையது தெரியாத ஊரில் பிழைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் அந்த நிமிடமே படத்தை எடுத்துவிட்டோம். நல்ல காரியம் என்று நம்பித்தான் ஏற்றியிருந்தோம். அந்த வரிசையில் இருந்தவர்களில் ஒருவரிடமாவது கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதே படம் வெளிநாட்டுத் தளம் ஒன்றிலும் இருந்தது. நானே உட்கார்ந்து அவர்களுடைய புகார்ப் படிவத்தை நிரப்பினேன். முதல் கேள்வியே, நீங்கள் இந்தப் படத்தின் உரிமையாளரா, அவருடைய முகவரா? மூன்றாவதாக ‘மற்றவை’ இருந்தது. அதை அமுக்கினால், உரிமையாளர் புகார் செய்தால்தான் நடவடிக்கை என்று பதில் வந்தது. உரிமையாளர் என்றால் பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை உண்டு என்பதை ஏற்று உறுதிமொழி தர வேண்டும். மகள், “உரிமையாளர் எண்டே போடுவம்” என்றாள். அந்த அம்மா, “நான் பொய் சொல்ல மாட்டன்” என்று சொல்லிவிட்டார். சட்டப்படி அந்தப் படத்தை நீக்கச் சொல்லும் உரிமை உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அந்த அம்மாவின் தம்பியை மண்ணில் உட்காரவைத்துப் படம்பிடித்த சிப்பாய்.

சினிமாக்காரர்களுக்கு எவ்வளவு வேகமாகக் காரியம் நடக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். பர்மா பஜாரில் திருட்டு விசிடி விற்ற காலத்திலேயே, 2004இல், வீடியோ திருடர்களைத் தமிழ்நாட்டுக் குண்டர் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். இன்றைக்கு யூடியூபில் ஒரு பாட்டின் சில விநாடிகளைப் போட்டால்கூட எந்திரம் தானே கண்டுபிடித்துவிடும். பாட்டைக் காக்க 2007இலேயே அந்த ஏற்பாடு வந்துவிட்டது. திரைத்துறையில் உழைப்பவர்கள் வயிற்றில் அடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவர்களுடைய கோபம் நியாயம். பாட்டுக்குக் கிடைத்த காவலில் பத்தில் ஒரு பங்குகூடக் கைதியின் முகத்துக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

2019 பிப்ரவரி 27 உங்களுக்கு நினைவிருக்கும். விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் பாகிஸ்தானிடம் பிடிபட்ட நாள். அவருடைய பெற்றோர் இங்கே சென்னையில் இருக்கிறார்கள். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து வாட்ஸாப்பில் அந்தக் காணொளிகள் வந்தபடியே இருந்தன. கண் கட்டி, முகமெல்லாம் இரத்தத்தோடு ஒன்று. பிறகு தேநீர்க் கோப்பையோடு ஒன்று. நான் பஸ்ஸில் இருந்தேன். முன் சீட்டில் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்து சீட்டிலும் அதேதான் ஓடியது. எல்லோரும் கவலையோடும் அன்போடும்தான் பார்த்தோம், அனுப்பினோம். மறுநாள் இரவு அவருடைய பெற்றோர் டெல்லிக்குப் போன விமானத்தில் பயணிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்பில் குறையில்லை. ஆனாலும் அடிபட்ட மகனின் முகத்தை அந்தத் தாயும் தகப்பனும் எத்தனை பேர் அனுப்பி எத்தனை முறை பார்த்திருப்பார்கள்?

1949ஆம் ஆண்டு மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, போர்க்கைதியை அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது. அடிக்கக்கூடாது என்பதோடு ஒரே மூச்சில் இதையும் சொல்கிறது. உங்கள் தாத்தா பிடிபட்ட காலத்தில் இருந்த 1929ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் இது உண்டு. தெருவில் ஊர்வலமாக நடத்திக்கொண்டு போய், காறித் துப்பவிட்ட வழக்கத்தை மனத்தில் வைத்து எழுதியது. 17ஆம் பிரிவின்படி கைதி சொல்லக் கடமைப்பட்டது பெயர், பதவி, பிறந்த நாள், படைஎண், அவ்வளவுதான். அபிநந்தனும் மேற்கொண்டு கேட்டதற்கு, அதைச் சொல்லக்கூடாது என்று மரியாதையாக மறுத்தார். காயம்பட்டவரை இப்படிக் காட்சிக்கு வைத்தது ஜெனீவா விதிகளை மீறிய செயல் என்று இந்தியா கண்டித்தது. யூடியூபிலிருந்து 11 காணொளி இணைப்புகளை நீக்கச் சொன்னது, நீக்கினார்கள். ஓர் அரசாங்கம் கேட்டதால் நடந்தது. வளசரவாக்கத்து அம்மாவுக்காகக் கேட்க எந்த அரசாங்கம் இருந்தது?

அதற்குள் அந்தக் காணொளி பல லட்சம் போன்களில் இறங்கிவிட்டது. ஒரு செய்தியை ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸாப் இந்தியாவில் 2018இலேயே கட்டுப்பாடு போட்டிருந்தும் இதுதான் நிலைமை. 2019 ஜூனில் உலகக்கோப்பை கிரிக்கெட் நேரத்தில், அந்தப் பக்கத்துத் தொலைக்காட்சி ஒன்று அவருடைய மீசையையும் தேநீரையும் வைத்து விளம்பரம் செய்தது. கைதி ஒருவர் கடமை தவறாமல் சொன்ன பதில் கேலிப்பொருளானது. எடுத்தவர் உரிமை கோரினால் சட்டம் கேட்கும். பேசியவர் கோரினால் எந்தப் பிரிவின் கீழ் என்று கேட்கும்.

இதற்கெல்லாம் முடிவாக, கைதியின் படம் எதையும் யாரும் காட்டவே கூடாது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. இங்கேதான் நான் பல வருடம் தடுமாறினேன். ஈராக்கில் அமெரிக்கப் படை நடத்திய அபு கிரைப் சிறையின் படங்கள் 2004 ஏப்ரலில் வெளிவராவிட்டால் அந்தச் சித்திரவதையை உலகம் நம்பியிருக்காது. அவையும் காவலர்கள் தங்கள் களிப்புக்காக எடுத்தவைதான். அமெரிக்க அரசு ஊழியர் கடமையின் பேரில் எடுக்கும் படத்துக்கு அந்த நாட்டில் பதிப்புரிமை கிடையாது. அப்படியானால் சித்திரவதையைப் படமெடுத்தது அந்தக் காவலருடைய கடமையா, இல்லையா? கடமை என்றால் படம் எல்லோருக்கும் பொது. கடமை இல்லை என்றால் அது அவருடைய சொந்தப் படைப்பு. இரண்டில் எதைச் சொன்னாலும் வாய் கசக்கிறது. 2009 ஆகஸ்டில் பிரிட்டிஷ் சேனல் 4 ஒளிபரப்பிய இலங்கைப் போர்க் காட்சியும் அப்படித்தான். கண்ணும் கையும் கட்டிய ஆட்களைச் சுட்டுக்கொல்லும் காட்சி. ஐ.நா. நிபுணர் பிலிப் ஆல்ஸ்டன் அதைத் தனி வல்லுநர்களிடம் கொடுத்துச் சோதித்து, நம்பத்தக்கது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். மறைத்திருந்தால் அந்தக் கொலையும் மறைந்திருக்கும்.

காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தெருவோரத்தில் உட்கார்ந்த தாய்மாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கையில் இருந்தவை படங்கள்தான். பிள்ளை உயிரோடு இராணுவத்திடம் இருந்தான் என்பதற்கு ஒரு முகாம் படம் கிடைத்தால் அவர்கள் அதை மார்போடு அணைத்துக்கொள்வார்கள். ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவருடைய அக்காவுக்கு அந்தப் படம் மறைய வேண்டும், பக்கத்தில் இருப்பவருடைய அம்மாவுக்கு அது ஊரெல்லாம் தெரிய வேண்டும். இரண்டு பேரும் சொல்வது நியாயம்.

செஞ்சிலுவைச் சங்கம் 2020இல் வெளியிட்ட மூன்றாம் உடன்படிக்கை விளக்கவுரையில் எனக்குப் பிடி கிடைத்தது. கைதி இன்னார் என்று அடையாளம் தெரியும்படியான படத்தைப் பொதுவாக வெளியிடக்கூடாது என்கிறது. அவரை வெளிப்படுத்தியே ஆக வேண்டிய வலுவான பொதுநலன் இருந்தாலோ, ஆள் காணாமல் போய்விட்டதைப்போல அவருடைய உயிர்நலனுக்கே அது தேவைப்பட்டாலோ மட்டும் விதிவிலக்கு. கொடுமையைக் காட்டத்தான் வேண்டும் என்றால் முகத்தை மறைத்துக் காட்டலாம். படிக்கும்போது எனக்கு அந்தக் கட்டைவிரல்தான் நினைவுக்கு வந்தது. உடன்படிக்கை நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது, கோடம்பாக்கத்து மாடியில் ஸ்கேன் செய்பவனைக் கட்டுப்படுத்தாது. 13ஆம் பிரிவு இரு நாட்டுப் போருக்கு என்றும், உள்நாட்டுப் போரில் ஜெனீவா உடன்படிக்கைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான 3ஆம் பிரிவுதான், அது மனித மரியாதையைக் குலைப்பதைத் தடுக்கிறது என்றும் வக்கீல்கள் பிரித்துக் காட்டுவார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் ஸ்கேனர் மூடியைத் திறக்கும் முன் என்னை நானே கேட்டுக்கொள்ள எனக்கு ஒரு கேள்வி வேண்டியிருந்தது, அதை அந்த விளக்கவுரை கொடுத்தது.

படத்தோடு முடியவில்லை, குரலும் இருக்கிறது. முதல் உலகப்போரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைப் பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் முகாமில் வைத்திருந்தார்கள். மொழி ஆராய்ச்சிக்கு என்று அறிஞர் குழு ஒன்று கருவியைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாகப் போனது. 1915 முதல் 1918 வரை ஏறத்தாழ 250 மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் 1,650 இசைத்தட்டுகள். இன்றும் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்திடம் இருக்கின்றன. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படிவம்: பெயர், ஊர், மதம், தொழில். 1916 டிசம்பர் 11 அன்று மல் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் குழல் முன்னால் நின்று ஒரு கதைபோலப் பேசினார். ஒரு ஆள் இருந்தான், அவன் இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்றவன், ஆங்கிலேயரிடம் வேலைக்குச் சேர்ந்தான், ஜெர்மன்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், ஊருக்குப் போனால் மறுபடி வெண்ணெய் கிடைக்கும் என்று நினைக்கிறான், என்கிற மாதிரி. ‘நான்’ என்று சொல்லாமல் ‘அவன்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறார். கேட்கிறவர் காவலில் இருப்பவன் வேறு எப்படித் தன் ஏக்கத்தைச் சொல்வான்? தட்டைத் தயாரித்தவர் ஆசிரியர் என்கிறது சட்டம். நிகழ்த்துபவருக்கு என்று நம் சட்டத்தில் தனி உரிமை வந்ததே 1994இல்தான். ஆனாலும் அந்தத் தட்டுகள் இல்லாவிட்டால் அந்தக் குரலே நமக்குக் கிடைத்திருக்காது. பிரிட்டிஷ் நூலகம் 2008இல் அவற்றில் ஒரு பகுதியின் டிஜிட்டல் படிகளை வாங்கியது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன்.

கைதி தானே படைத்தது என்றால் நிலைமை மாறுமா? கியூபாவில் அமெரிக்கா நடத்தும் குவாண்டனாமோ சிறையில் பலர் ஓவியம் கற்றார்கள். சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தும் திரை கட்டி மறைத்திருந்த கடலைத்தான் நிறையப் பேர் வரைந்தார்கள். 2017இல் நியூயார்க் கல்லூரி ஒன்றில் அந்த ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்ததும், கைதிகள் வரைந்தவை அமெரிக்க அரசின் சொத்து என்று பென்டகன் அறிவித்து, வெளியே போகவிடாமல் நிறுத்தியது. விடுதலையாகிறவர் ஓரளவு கொண்டுபோகலாம் என்று விட்டதற்குச் சில ஆண்டுகள் ஆயின. பாட்டியின் தாள், தாத்தாவின் வாசகம் என்று மேலே பிரித்தோமே, அதையே திருப்பிப் பிடித்திருக்கிறார்கள். தாள் எங்களுடையது, ஆகவே கடலும் எங்களுடையது.

இந்த இடத்தில் நம் ஊர் வழக்கு ஒன்றைப் பெருமையோடு சொல்கிறேன். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் செங்கல்பட்டுக் கிளைச்சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடப் போனபோது சிறைத்துறை அதிகாரி வேண்டாம் என்று கடிதம் எழுதினார். உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அச்சாகும் முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ இல்லை. பொது ஆவணத்தில் இருப்பதை எவரும் வெளியிடலாம். அதைத் தாண்டி ஒருவருடைய வாழ்க்கையை எழுத வேண்டுமானால் அவர் சம்மதம் வேண்டும், கொலைக்குற்றவாளியாக இருந்தாலும் வேண்டும். போர்க்கைதி வழக்கு இல்லைதான். ஆனாலும் உள்ளே இருப்பவனுக்கும் தன் கதைமேல் உரிமை உண்டு என்று முப்பது வருடத்துக்கு முன்பே நம் நீதிமன்றம் சொல்லிவிட்டது. காணொளியை எடுத்தவரிடம் மட்டும் ‘உரிமையாளரா?’ என்று கேட்கும் படிவத்தில், படத்தில் இருப்பவரின் சம்மதம் உண்டா என்ற கேள்வியும் ஒரு நாள் ஏற வேண்டும்.

தொழில்நுட்பம் ஒன்றை மாற்றிவிட்டது. 1944இல் எடுத்த போட்டோவில் இருப்பவரைத் தெரிந்தவர்கள்தான் அடையாளம் காண முடிந்தது. இன்றைக்கு முகத்தை வைத்தே எந்திரம் பெயரைத் தேடித் தருகிறது. 2022இல் உக்ரைன் போரில் இறந்தவர்களையும் பிடிபட்டவர்களையும் அடையாளம் காண இதைப் பயன்படுத்தினார்கள். பிடிபட்ட ரஷ்யச் சிப்பாய்களின் முகத்தை இணையத்தில் ஏற்றியதை மனித உரிமை அமைப்புகள் கண்டித்தன. ஏற்றுபவருக்குப் பகையில்லை என்பதால் படம் பாதுகாப்பாக இருந்துவிடாது.

உங்கள் போட்டோவால் இன்று யாருக்கும் ஆபத்து வரப்போவதில்லை. பன்னிரண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். தயங்காமல் ஏற்றுங்கள். என் வேண்டுகோள் சில உண்டு. மூலத்தை 600 டிபிஐயில், டிஃப் கோப்பாக எடுத்து வீட்டில் இரண்டு டிஸ்கில் வையுங்கள், இணையத்துக்குச் சிறிய படி போதும். கலர் ஏற்றும் செயலிகளிடம் கொடுக்காதீர்கள். அவர்கள் போட்டிருந்த சட்டையின் நிறம் எந்த எந்திரத்துக்கும் தெரியாது. கடிதங்களைப் படமாக மட்டும் போடாமல் தட்டச்சும் செய்து போடுங்கள், தணிக்கைக்காரர் மை பூசி மறைத்த இடத்தைப் புள்ளி வைத்துக் காட்டுங்கள். தாத்தாவின் பெயரோடு, எடுத்தவர் முகாம் நிர்வாகம் என்பதையும் படத்தின் கீழே எழுதிவிடுங்கள். அது எப்படிப்பட்ட படம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். அடியில் உங்கள் மின்னஞ்சல் கொடுத்து, இதில் இருப்பவரின் குடும்பத்தார் பேச விரும்பினால் எழுதலாம் என்று ஒரு வரி சேருங்கள். உரிமையாளரா என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள்.

அப்புறம், நீங்கள் அனுப்பியதில் போட்டோவின் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. திருப்பிப் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். ‘கெப்ரூஃப்ட்’ முத்திரைக்குப் பக்கத்தில் பென்சிலில் பெயர் எழுதி வைப்பது அந்தக் காலத்து வழக்கம். பரண் ஈரத்தில் மங்கியிருந்தாலும் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் கோடு தெரியும். வலது ஓரத்தில் நிற்பவருடைய பெயரை முதலில் பாருங்கள்.